மென்பொருள்வழி வளாகப் பிணையத்தில் அப்லிங்க் மாற்றம்

அப்லிங்க் என்பது ஒரு தளத்தின் கணினிகள், தொலைபேசிகள், வைஃபை கருவிகள் ஆகியவற்றை இணைக்கும் அணுகல் சுவிட்சை அதற்கு மேலுள்ள சுவிட்சுடன் சேர்க்கும் இணைப்பு ஆகும். பழைய ஒளியிழை பழுதடைதல், 10 கிகாபிட் வேகம் போதாமை, மேல்நிலை சுவிட்சை மாற்றுதல் போன்ற காரணங்களால் இதை மாற்ற நேரிடும். சாதாரணப் பிணையத்தில் இது கேபிள் மாற்றும் வேலை. சிஸ்கோ நிறுவனத்தின் எஸ்டி-அக்சஸ் போன்ற தானியங்கிப் பிணையத்தில், இணைப்பின் அமைவுகளை எழுதியது கட்டுப்பாட்டு மென்பொருள் என்பதால், வேலையின் வரிசையும் முக்கியமாகிறது.

பிணையத்தின் இரு அடுக்குகள்

எஸ்டி-அக்சஸ் பிணையம் இரண்டு அடுக்குகளால் ஆனது. கீழ் அடுக்கு சுவிட்சுகளுக்கிடையே ஐபி பொதிகளைக் கடத்தும். மேல் அடுக்கு, பயனரின் தரவை விஎக்ஸ்லேன் உறையிலிட்டு அந்தக் கீழ் அடுக்கின் மீது அனுப்பும். எந்தப் பயனர் எந்த சுவிட்சின் பின்னால் இருக்கிறார் என்ற விவரத்தை லிஸ்ப் என்னும் நெறிமுறை வைத்திருக்கிறது.

லிஸ்ப் ஒரு சுவிட்சை அதன் லூப்பேக் முகவரியால் அடையாளம் காண்கிறது. அப்லிங்க் முகவரியால் அல்ல. ஆகவே அப்லிங்க் மாறினாலும், லூப்பேக் முகவரிக்கு ஒரு வழியாவது திறந்திருக்கும்வரை மேல் அடுக்கு பாதிக்கப்படாது. எல்லா வழிகளும் அடைபட்டால் பயனர்களின் இணைப்பு அறுவதோடு, கட்டுப்பாட்டு மென்பொருளும் அந்த சுவிட்சை இழந்துவிடும். அதன்பின் தொலைவிலிருந்து திருத்த வழியில்லை. கன்சோல் கேபிளுடன் நேரில் செல்ல வேண்டும்.

தானியக்கம் எழுதும் அமைவுகள்

கேட்டலிஸ்ட் சென்டர் மென்பொருளின் லேன் ஆட்டோமேஷன் வசதி, புதிய சுவிட்சைக் கண்டறிந்து தற்காலிக முகவரி தருகிறது. அந்தப் பணியை நிறுத்தும்போதுதான் இணைப்புகள் மூன்றாம் அடுக்கு இணைப்புகளாக மாறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டே முகவரிகள் கொண்ட /31 துணைப்பிணையம், ஐஎஸ்-ஐஎஸ் வழிப்படுத்தல், இணைப்பு முறிவை விரைவாக உணரும் பிஎஃப்டி ஆகியவை அமைக்கப்படுகின்றன. சுவிட்சின் எம்டியூ அளவு 9100 ஆக்கப்படுகிறது.

பணி நிறுத்தப்பட்ட பின் செருகப்படும் கேபிளுக்கு இவை எதுவும் தாமாகக் கிடைப்பதில்லை. விளக்கு பச்சையாக எரிந்தாலும் அந்த போர்ட் வெறும் இரண்டாம் அடுக்கு போர்ட்டாகவே இருக்கும்; வழிப்படுத்தலில் பங்கேற்காது.

போர்ட்டின் பெயரும் கவனிக்கத்தக்கது. கேட்டலிஸ்ட் 9300 சுவிட்சில் 8 போர்ட் 10 கிகாபிட் மாட்யூலை எடுத்து 2 போர்ட் 25 கிகாபிட் மாட்யூலைப் பொருத்தினால், போர்ட்டின் பெயர் வேகத்துக்கேற்ப மாறும். பழைய பெயரின் கீழ் எழுதப்பட்ட அமைவு புதிய பெயருக்கு வராது.

மாற்றும் முறை

புதிய வழியைத் திறந்த பிறகே பழையதை மூடுவது அடிப்படை விதி.

1. சுவிட்சுக்கு இரண்டு அப்லிங்குகள் உள்ளனவா, இரண்டிலும் ஐஎஸ்-ஐஎஸ் அண்மைத் தொடர்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஒன்று ஏற்கெனவே செயலிழந்திருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

2. காலியான போர்ட்டில் புதிய கேபிளைச் செருகி, இணைப்பு சேர்க்கும் வசதி மென்பொருளில் இருந்தால் அதன்வழியே அமைக்க வேண்டும். கையால் எழுதினால், முகவரி வேறெங்கும் ஒதுக்கப்படாததாக இருக்க வேண்டும்.

3. புதிய இணைப்பில் அண்மைத் தொடர்பு உருவாகி, எதிர்முனை சுவிட்சுகளின் லூப்பேக் முகவரிகளுக்கு அதன்வழியே பாதை கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

4. பழைய இணைப்பின் ஐஎஸ்-ஐஎஸ் மதிப்பை இரு முனைகளிலும் உயர்த்தினால் போக்குவரத்து தானாகப் புதிய வழிக்கு நகரும். அது காலியான பின் போர்ட்டை மூடிக் கேபிளைக் கழற்றலாம்.

5. இறுதியில் சுவிட்சின் விவரங்களை மென்பொருளில் மீள ஒத்திசைக்க வேண்டும். இல்லையெனில் வரைபடத்தில் பழைய இணைப்பே நிற்கும்.

மாட்யூலையே மாற்றும்போது புதிய போர்ட்டுக்கு முன்கூட்டியே இடமிராது. சுவிட்சுகள் அடுக்காக இணைக்கப்பட்டு, அப்லிங்குகள் வெவ்வேறு உறுப்புகளில் இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றலாம். தனி சுவிட்சாக இருந்தால் பயனர்களுக்கு முன்னறிவித்து, பணி நேரத்துக்கு வெளியே செய்வதே முறை.

பொதுவான சிக்கல்கள்

எம்டியூ: விஎக்ஸ்லேன் உறை ஒவ்வொரு பொதிக்கும் 50 பைட்டுகள் சேர்க்கிறது. இடையில் ஏதேனும் ஓரிடம் 1500 பைட்டுகளையே அனுமதித்தால் சிறிய பிங் பொதிகள் போய்ச் சேரும்; பெரிய பொதிகள் தொலைந்துவிடும். பிங் சரியாக இருந்தும் கோப்புகள் இறங்காமல் நிற்பது இதன் அறிகுறி. எனவே சோதனையைப் பெரிய பொதிகளைக் கொண்டே செய்ய வேண்டும்.

சமமற்ற வேகம்: ஐஎஸ்-ஐஎஸ் எந்த வேக இணைப்புக்கும் இயல்பாக 10 என்ற ஒரே மதிப்பைத் தரும். 10, 25 கிகாபிட் இணைப்புகள் அருகருகே இருந்தால் இரண்டிலும் ஏறத்தாழ சமமாகப் போக்குவரத்து பிரியும்; மெதுவான இணைப்பு முதலில் நிரம்பிவிடும்.

பிழைதிருத்த முறை: 25 கிகாபிட் இணைப்பில் இரு முனைகளின் எஃப்இசி அமைவும் ஒத்திருக்க வேண்டும். வேறுபட்டால், நல்ல ஒளியிழையிலும் இணைப்பு எழாது.