செம்பைக் கவ்வும் கொடுக்கு

செம்பு என்றால் தமிழில் உலோகமும் அதுதான், தண்ணீர் மொள்ளும் பாத்திரமும் அதுதான். எங்கட உடம்புக்குள்ளும் செம்பு இருக்கிறது. வளர்ந்த ஒருவரில் ஏறத்தாழ 100 மில்லிகிராம். இரத்தம் ஊறவும் நரம்புகள் இயங்கவும் அது வேண்டும். மிஞ்சுவதை ஈரல் பித்தநீரோடு வெளியேற்றிவிடும்.

இந்த வேலைக்குரிய பரம்பரையலகு வாப்பா, உம்மா இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால், செம்பு ஈரலிலும் மூளையிலும் தேங்கும். 1912இல் இந்நோயை விவரித்த நரம்பியல் வைத்தியர் கின்னியர் வில்சனின் பெயரால் இது வில்சன் நோய் எனப்படுகிறது. மஞ்சள் காமாலை வரலாம், கை நடுங்கலாம், பேச்சுக் குழறலாம். ஆசிரியர்களாகிய எங்கட கண்ணில் படக்கூடியது, அழகாக எழுதிய பிள்ளையின் கையெழுத்துக் குலைவது.

மருந்து வந்த வழி புதுமையானது. பென்சிலின் எடுத்த நோயாளி ஒருவரின் சிறுநீரில் பென்சிலமைன் என்ற சிறு மூலக்கூறை ஜோன் வோல்ஷ் என்ற ஆங்கிலேய வைத்தியர் கண்டிருந்தார். அதில் ஒரு கந்தக அணுவும் ஒரு நைதரசன் அணுவும் அருகருகே நிற்கின்றன. நண்டு இரு கொடுக்காலும் இரையைப் பிடிப்பதுபோல இவை செம்பைப் பிடிக்கும் என்று அவர் ஊகித்தார். ஊகம் பலித்தது. 1956இல் அதை வில்சன் நோய்க்கு மருந்தாக அறிவித்தார். பிடிபட்ட செம்பு சிறுநீரோடு போய்விடுகிறது.

ஆனால் கொடுக்கை அமைப்பது இலேசான காரியமல்ல. பிடி தளர்ந்தால் செம்பு வராது. மிஞ்சினால் உடம்புக்குத் தேவையான செம்பும் போய்விடும். பென்சிலமைன் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. அத்தகையோருக்காக வோல்ஷ் பின்னர் கொண்டுவந்தது திரையென்டீன். அதன் சங்கிலியில் நான்கு நைதரசன் அணுக்கள் செம்பைச் சுற்றி வளைக்கின்றன. மொலிப்டினம் மிகுந்த புல்லை மேய்ந்த மாடுகளுக்குச் செம்புக் குறைபாடு வந்ததை ஆராய்ந்தபோது இன்னொரு மூலக்கூறுக்கும் வழி பிறந்தது.

இது தூரத்து நோயல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் வைத்தியசாலை மூன்று தசாப்தங்களில் பார்த்த 282 நோயாளிகளைப் பற்றி 2007இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. மச்சான் மச்சி முறையில் உள்ளுக்குள்ளேயே கலியாணம் முடிக்கும் குடும்பங்களில், ஒரே பழுது இரு பக்கமிருந்தும் வந்துசேர வாய்ப்புக் கூடுகிறது. ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால் கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க நாலில் ஒரு வாய்ப்புண்டு. நோய்க்குறி இல்லாவிட்டாலும் அவர்களைச் சோதிக்க வேண்டும்.

கை நடுங்கும் பிள்ளையைக் கண்டால் "கண்ணூறு", "சூனியம்" என்று நாள் கடத்துகிறோம். ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும்; இரத்தம், சிறுநீர், கண் பரிசோதனைகளை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். மருந்து தொடங்கினால், சுகமாகிவிட்டது என்று நிறுத்தவும் வேண்டாம். கொடுக்கு விலகினால் செம்பு திரும்பவும் சேரும்.