விழிப்பும் உணர்வும்

விழித்திருத்தல் வேறு, உணர்ந்திருத்தல் வேறு. உறக்கத்தில் இரண்டும் ஒருங்கே ஒடுங்கிக் காலையில் ஒருங்கே தோன்றுவதால், அவற்றை ஒன்றெனவே நாம் கொண்டுவிடுகின்றோம். விழிப்பைத் தருவது மூளைத்தண்டு. உணர்வுக்கு நிலைக்களனாவது பெருமூளையும் அதனோடு பிணைந்த நரம்புத் தொடர்களும்.

விபத்தினாலோ, குருதியோட்டம் தடைப்பட்டதாலோ பெருமூளை பெரிதுஞ் சிதைந்து, மூளைத்தண்டு பிழைத்திருப்பின், நோயாளி கண் திறப்பார், உறங்கி விழிப்பார், தாமே மூச்சு விடுவார். ஆயின், அழைப்பாரை அறிந்தமைக்கு ஓர் அடையாளமும் காட்டார். 1972ஆம் ஆண்டில் ஜெனற், பிளம் என்னும் வைத்திய அறிஞர் இருவர் இந்நிலையை விரித்துரைத்து இட்ட பெயரைத் தமிழில் 'தாவர நிலை' எனலாம். புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிரெனத் தொல்காப்பியர் வகுத்தமை நாம் அறிந்ததே. ஆறறிவு படைத்த ஒருவர் இவ்வாறு கிடக்குங்கால், அவ்வாறாம் அறிவு அழிந்ததா? அன்றி, வெளிப்பட வழியின்றி உள்ளே அடைபட்டிருக்கின்றதா?

2006ஆம் ஆண்டில் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த ஏட்றியன் ஓவன் குழுவினர் ஓராய்வை வெளியிட்டனர். வீதி விபத்தின்பின் இந்நிலையிற் கிடந்த 23 வயதுப் பெண்ணொருவரை, மூளையின் தொழிற்பாட்டைப் படம்பிடிக்குங் காந்தக் கருவியுள் வைத்து, ரெனிஸ் ஆடுவதாகவும், பின்னர்த் தம் வீட்டு அறைகளில் உலாவுவதாகவும் எண்ணுமாறு பணித்தனர். முன்னையதற்கு இயக்கத்தை ஒழுங்குசெய்யும் பகுதியும், பின்னையதற்கு இடமறியும் பகுதியும், நலமுள்ளோர்க்குப் போலவே தொழிற்பட்டன. 2010இல் வெளிவந்த ஆய்வொன்றில், உணர்வு குன்றிய 54 பேருள் ஐவர் இவ்வாறு எண்ணத்தாற் பணிக்கு இசைந்தனர். அவருள் ஒருவர், ஒரு கற்பனையை 'ஆம்' எனவும் மற்றதை 'இல்லை' எனவுங் கொண்டு, சில வினாக்களுக்கு விடையும் அளித்தார். 2024இல் வெளிவந்த ஆய்விலோ, கட்டளைக்குப் புறத்தே எவ்வித அசைவுங் காட்டாத 241 பேருள் 60 பேரிடம் இத்தகைய அகத்துலங்கல் காணப்பட்டது.

ஏனைப் பெரும்பாலோரிடம் அது காணப்படவில்லை என்பதை மறைத்தலாகாது. பொய்ந்நம்பிக்கை ஊட்டுதல் உறவினர்க்குச் செய்யுந் தீங்காகும். ஆயினும், துலங்கல் காணாமை உணர்வின்மைக்கு முடிந்த சான்றன்று. செவிப்புலன் பழுதுற்றாரும், மொழியுணரும் ஆற்றல் இழந்தாரும், அவ்வேளை உறங்கினாரும் விடையளியார்.

ஆதலின், கேளார் எனத் துணிந்து நோயாளியின் கட்டிலருகே அவர் முடிவைப் பேசுதல் தகாது. பெயர் சொல்லி அழைத்தும், செய்யப்போவதை அறிவித்தும் அவரைப் பேணுதல் வேண்டும். வைத்தியத்துறை புகும் நம் மாணவர் இதனை நெஞ்சிற் கொள்வாராக. கேட்பவர் ஒருவர் உள்ளே இருப்பின், நம் சொல்லே அவருக்கு எஞ்சிய உலகம்.