முதியோருக்கும் தடுப்பூசி உண்டு

தடுப்பூசி குழந்தைகளுக்கே உரியது என்னும் எண்ணம் நம் அங்கத்தினரிடையே வேரூன்றியிருக்கிறது. “தலை நரைத்தவனுக்கு இனி ஊசி எதற்கு?” என்று கேட்போர் பலர். இதற்கு விடை காண வெகு தூரம் செல்ல வேண்டியதில்லை. உலகறிந்த பரிசோதனை ஒன்று நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலேயே நடந்திருக்கிறது.

க்ஷயரோகத்தைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசியின் பயனை அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968-இல் இங்கு ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. உலக சுகாதார ஸ்தாபனமும் ஒத்துழைத்தது. 1971-க்குள் இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர். சிலருக்கு உண்மையான மருந்து; சிலருக்கு மருந்தில்லாத வெறுந் திரவம். எவருக்கு எது என்பதைப் போட்டவரும் அறியார், பெற்றவரும் அறியார். விருப்பு வெறுப்பு கணக்கிற் புகாதிருக்கவே இவ்வேற்பாடு.

முதல் முடிவு 1979-இல் வெளியாயிற்று. பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அவ்வூசி தடுக்கவில்லை! மண்ணிலும் நீரிலும் வாழும் அதே இனக் கிருமிகள் முன்னரே உடலுக்குப் பழகியிருந்தது ஒரு காரணமாகலாம் என்பர். ஆயினும் பச்சிளங் குழந்தைகளை மூளைச் சவ்வைத் தாக்கும் க்ஷயத்தினின்று அது காக்கிறது. ஆதலின் பிறந்தவுடன் போடும் வழக்கம் நிலைத்துள்ளது.

இதனின்று நாம் அறிவது யாது? ஒவ்வோர் ஊசிக்கும் உரிய வயது உண்டு. குழந்தைக்கு உதவுவது கிழவருக்கு உதவாமற் போகலாம். அவ்வாறே முதியோருக்கென்றே அவசியமானவையும் உள. இன்புளுயன்சாக் கிருமி அடிக்கடி உருமாறுவதால் அதற்குரிய ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். நிமோனியாவைத் தடுக்கும் ஊசியும் உண்டு. கொரோனா ஊசி, 2021 மார்ச் 1 முதல் அறுபது வயது கடந்தோருக்குப் பொதுவாக வழங்கப்பட்டதும் அவர்களுக்கே ஆபத்து மிகுதி என்பதனால்தான்.

யாவரும் மறந்துவிடுவது ரணஜன்னி ஊசி. இந்நோய்க் கிருமி மண்ணிலும் சாணத்திலும் உறைவது. உழவரின் மண்வெட்டி, மாமல்லபுரத்துச் சிற்பியின் உளி, செம்படவரின் தூண்டில் முள், தறிக் குழியருகே கிடக்கும் ஆணி — இவற்றுள் எதனாலும் அது உட்புகலாம். இளமையிற் போட்ட ஊசியின் காப்பு நாளடைவிற் குன்றும். ஆகவே பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தல் வேண்டும். நோய் வந்து பிழைத்தவருக்குங்கூட இயற்கைக் காப்பு ஏற்படுவதில்லை.

மற்றொன்றையும் கருதுக. கொள்ளை நோய்களில் ஊரார் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டால் எஞ்சியவருக்கும் ஓரளவு நன்மை உண்டு. ரணஜன்னியோ ஆளுக்கு ஆள் தொற்றுவதன்று. பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொண்ட ஊசி நம்மைக் காவாது. கூட்டுறவில் ஒருவர் பங்கு அனைவரையும் தாங்கும்; இங்கே அவரவர் பங்கை அவரவரே செலுத்த வேண்டும்.

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும்போது, தாம் கடைசியாக ரணஜன்னி ஊசி போட்ட ஆண்டை ஒவ்வொருவரும் நினைவுகூர்ந்து வருவாராக. நினைவில்லாதோர் பெயரைக் காரியதரிசி குறித்துக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரிடம் ஆலோசனை கேட்பாராக. வீட்டிலுள்ள முதியோரின் பெயர்களும் அக்குறிப்பில் இடம்பெறட்டும்.