பூட்டும் இரட்டைப் பிரதியும்

புத்தளத்துக்கு வடக்கே கடலோரமாகக் கிடக்கிறது கரைத்தீவு. அங்கே ஒரு வீட்டின் பெறுமதியான தாள்கள் முன்பு றங்குப் பெட்டியில் கிடந்தன: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வளைகுடாவிலிருந்து வந்த கடிதங்கள், கலியாணப் படங்கள். திறப்பு எங்கே தொங்குகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கடிதத்தை அயலவர் வாசித்துச் சொன்ன வீடுகளும் உண்டு. அந்தரங்கம் என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் அந்தத் தாள்களில் உறுதிக்கும் சான்றிதழுக்கும் இரட்டை இருந்தது. நொத்தாரிசு உறுதியை எழுதும்போதே வாங்கியவருக்கு மூலம், காணிப் பதிவகத்துக்கு ஒரு பிரதி, தன் கோவைக்கு இன்னொன்று என்று பிரித்துவிடுவார். யாரும் கேட்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பலர் மன்னாரிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். பெட்டியை விட்டுவந்தவருக்கும், பதிவேடு போரில் தப்பியிருந்தால், சான்றிதழ் மறுபடி கிடைத்தது. கலியாணப் படத்துக்கு அப்படியொரு பதிவேடு இல்லை.

இன்று படமும் கடிதமும் கைத்தொலைபேசிக்குள். 4 இலக்கக் கடவெண்ணில் 10,000 சாத்தியங்கள். 6 இலக்கத்தில் 10 இலட்சம். பிழையாக அடிக்க அடிக்கக் காத்திருக்கும் நேரம் கூடும். எண்ணை மறந்தவர் புத்தளத்துக் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே வழிதான், ரீசெட். போன் பிழைக்கும், படங்கள் போகும். கடைக்காரரால் திறக்க முடியாததுதான் அந்தப் பூட்டின் தரம். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ரீசெட் ஆனபிறகு ஆண்ட்ரொய்ட் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். அந்தக் கணக்கைத் தொடங்கிக்கொடுத்ததே கடைப் பையன் என்றால், கடவுச்சொல்லும் அவனிடமே. இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நாமே கடையில் ஒப்படைத்துவிட்டு வந்த கடவுச்சொல்லை அது எவ்வளவு தூரம் காக்கும்?

இரட்டைப் பிரதிக்கு இப்போது நொத்தாரிசும் வேண்டாம், முத்திரைக் கட்டணமும் வேண்டாம். கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது. வட்ஸ்அப் பேக்கப்பையும் 2021 முதல் தனிக் கடவுச்சொல்லால் பூட்டலாம். போனும் தொலைந்து அந்தச் சொல்லும் மறந்தால் வட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறக்க இயலாது. அன்று கலியாணப் படத்துக்குக் கிடைக்காத இரட்டை இன்று நிமிடத்தில் கிடைக்கும், நாம் எடுத்தால். 15 ஜிபி நிரம்பியதும் பிரதி எடுப்பது நின்றுவிடுகிறது. அறிவிப்பு வருகிறது, விரலால் தள்ளிவிட்டு அடுத்த படத்தை எடுக்கிறோம்.