காய்ச்சல் கூரையிலிருந்தும் இறங்கும்!

"ஏனுங்க, தண்ணித் தொட்டியெல்லாம் மூடித்தானே வெச்சிருக்கோம்? அப்புறமும் பையனுக்கு எப்படீங்க டெங்கு வந்துச்சு?"

டெங்குக் காய்ச்சலில் பிள்ளை படுத்துவிட்டால் எந்த அம்மாவும் கேட்கிற கேள்விதான். டிரம், ஆட்டுரல், பூந்தொட்டி எல்லாம் பார்த்தாச்சு. பார்க்காத இடம் ஒன்று உண்டு. தலைக்கு மேலே!

போதமலை அடிவாரத்தில் இருக்கும் நாமகிரிப்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீடு, தார்சு வீடு, சிமெண்ட் அட்டை போட்ட வீடு என்று மூன்று வகையும் கலந்திருக்கிற ஊர். மூன்றுக்கும் கவனிப்பு வேறு வேறு.

ஓட்டு வீடு

ஆடிக் காற்றில் ஓடு நகர்ந்திருக்கும். பூனை ஓடி நாலு ஓடு விரிசல் விட்டிருக்கும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் உடைந்ததை மாற்றிவிடுங்கள். அப்படியே ரீப்பர் கட்டையில் கரையான் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

முக்கியமான இடம், ஓட்டு முனையில் தண்ணீர் ஓடும் தகரத் தூம்பு. வேப்பிலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். 'கொஞ்சூண்டு தண்ணிதானே!' என்று விட்டுவிடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாட்கள்தான் ஆகும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும்! அதனால் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை குப்பையை அள்ளி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தூம்பு நடுவில் தொய்ந்திருந்தால், தாங்கும் கம்பியை முடுக்கி, தண்ணீர் இறங்கும் பக்கம் சாய்வு கொடுங்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்ததை மாற்றிவிடுவதே நல்லது.

தார்சு வீடு

மழை விட்ட மறுநாள் மாடிக்குப் போய்ப் பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அங்கே சாய்வு சரியில்லை என்று அர்த்தம். குழாய் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தட்டோட்டின் இடுக்கில் சாந்து பெயர்ந்திருந்தால் உடனே பூசுங்கள். விட்டுவிட்டால் நீர் கசிந்து கம்பி துருப்பிடிக்கும். சுவரில் பூஞ்சைக் காளான் படரும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மூச்சிரைப்பு அதிகமாக அதுவும் ஒரு காரணம். சுவருக்கு மேலே பெயிண்ட் அடித்து மறைப்பதால் பயனில்லை. கசிவை அடைத்தால்தான் காளான் போகும்.

சிமெண்ட் அட்டை

இங்கேதான் ரொம்ப ஜாக்கிரதை வேண்டும். பழைய அட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் புற்றுநோய் வரக்கூடும். அதுவும் 20, 30 வருஷம் கழித்து! பயப்பட வேண்டாம். முழுசாக இருக்கும் அட்டை அதிகம் தூசி விடாது. உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளை போடும்போதும், பாசி போக உலர்வாகச் சுரண்டும்போதும்தான் ஆபத்து.

மாற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, முழு அட்டையாகவே இறக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வேண்டாம். விழுந்த துண்டுகளை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், விளக்குமாறு போடாதீர்கள். உடைந்த அட்டையைக் கோழிக்கூண்டுக்கு எடுத்து வைப்பதும் வேண்டாம். புதிதாகப் போடுவதானால் ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத அட்டையோ தகர ஷீட்டோ கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: அட்டை மேல் நேராகக் கால் வைக்கவே கூடாது. எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. கீழிருக்கும் சட்டங்களின் மேல் வருகிற மாதிரி பலகை போட்டு, அதன் மேல்தான் நடக்க வேண்டும். 'ஒரு ஓட்டை அடைக்கத்தானே!' என்று ஏறி, விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளலாமா?

2003-ல் தமிழகத்தில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. உங்கள் வீட்டில் அந்தக் குழாய் இருக்கும். கூரை சுத்தமாக இருந்தால்தான் அதில் இறங்கும் தண்ணீரும் சுத்தம். முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை, பத்து நிமிஷம். தலைக்கு மேலேயும் ஒரு பார்வை பாருங்களேன்!