உழவு இயந்திரத்தின் புகையும் அது காட்டும் பழுதும்

நாரந்தனையிலும் தீவகத்தின் ஏனைய ஊர்களிலும் நெற்செய்கை மழையை நம்பியே நடைபெறுகின்றது. வடகீழ்ப் பருவமழை வலுக்குமுன் வயலைப் புழுதிபட உழுது விதைத்தல் வேண்டும். அதற்கு வாய்க்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் உழவு இயந்திரம் பழுதுற்று நின்றால் விதைப்புப் பிந்தும். இயந்திரத்தைப் பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாண நகருக்குக் கொண்டுசென்று திருத்துவதற்கும் பணம் செலவாகும். ஆனால் டீசல் இயந்திரம் பெரும்பாலும் தன் குறையை முன்னதாகவே புகையினால் அறிவிக்கின்றது. அப்புகையின் நிறத்தை அறிந்தால், கமக்காரர் தாமே தீர்க்கக்கூடிய குறை எது, கராச்சுக்குக் கொண்டுசெல்ல வேண்டிய குறை எது என்பதைப் பிரித்துணரலாம்.

டீசல் எரியும் முறை

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கொடுக்கும் பிளக் இல்லை. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை அமுக்குகின்றது. அதனாற் காற்று மிகுந்த சூடடைகின்றது. அச்சூட்டிலே நொசில் வழியாகப் பனிபோலத் தூவப்படும் டீசல் தானே தீப்பற்றுகின்றது. எனவே போதிய காற்று, சுத்தமான டீசல், நல்ல தூவல், குறையாத அமுக்கம் ஆகிய நான்கும் வேண்டும். இவற்றில் ஒன்று கெட்டாலும் புகை மிகும். 1964ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய மாசி பெர்குசன் 135 முதலிய பழைய நாற்சில்லு இயந்திரங்களுக்கும், லாண்ட்மாஸ்டர் என மக்கள் வழங்கும் இருசில்லு இயந்திரங்களுக்கும், டீசலில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கும் இது பொதுவான விதியாகும்.

புகையைப் பார்க்கும்போது இயந்திரத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேறிய பின்னரே பார்த்தல் வேண்டும். முதலிற் சுமையின்றியும், பின்னர் உழும்போதும் பார்த்து வேறுபாட்டை அறிக.

கரும்புகை

கரும்புகை எரியாத கரியாகும். காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி என்பதே இதன் பொருள். புழுதி உழவில் முதலில் ஐயுற வேண்டியது காற்று வடிகட்டியையே. பழைய இயந்திரங்களில் இதன் அடியில் எண்ணெய்க் கிண்ணம் உண்டு. இயந்திரத்தை நிறுத்திக் கிண்ணத்தைக் கழற்றுக. அடியிற் சேறு படிந்திருந்தால் மண்ணெண்ணெயாற் கழுவித் துடைத்து, குறியிட்ட அளவுக்குப் புதிய எண்ணெய் ஊற்றுக. அளவுக்கு மேல் ஊற்றினால் அவ்வெண்ணெய் இயந்திரத்தினுள் இழுக்கப்பட்டுக் கேடு விளையும். புழுதி மிகுந்த நாட்களில் இதனை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஒருபோதும் உழுதலாகாது. உட்புகும் மணல் பிஸ்டன் வளையங்களை விரைவிலே தேய்த்துவிடும்.

வடிகட்டி சுத்தமாயிருந்தும் கரும்புகை வருமாயின், கலப்பையின் ஆழத்தைக் குறைத்தோ கியரைத் தாழ்த்தியோ உழுது பார்க்க. புகை நின்றால் குற்றம் மிகுசுமையே. நில்லாவிடின் நொசில் துளிர்க்கலாம். அல்லது பம்பு மிகுதியாக டீசல் விடலாம். இவற்றைச் சோதிக்கும் கருவியுள்ள கராச்சிலேயே திருத்துவிக்க வேண்டும். நொசில் தூவுவதைக் கையை நீட்டிப் பார்த்தல் பெருந்தீங்கு. அவ்வழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உட்புகும்.

நீலப்புகை

நீலப்புகை மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். இயந்திரத்தைச் சமநிலத்தில் நிறுத்தி, எண்ணெய் அளவுகோலை எடுத்துப் பார்க்க. மேற்குறிக்கு மேலே எண்ணெய் நின்றால் மிகுதியை வடித்துவிடுக. அளவு சரியாயிருந்தால் தேய்வே காரணமாகும். காலையில் தொடக்கும்போது மட்டும் தோன்றிப் பின் மறையும் நீலப்புகை பெரும்பாலும் வால்வுப் பகுதித் தேய்வினால் வருவது. சுமையுடன் உழும்போது பெருகி, எண்ணெய் ஊற்றும் வாயிலும் புகை குமுறினால் வளையங்களும் உருளையும் தேய்ந்துள்ளன.

இது அஞ்சி உடனே இயந்திரத்தைப் பிரிக்கவேண்டிய குறையன்று. நாள்தோறும் எண்ணெயை அளந்து, குறைந்ததை நிரப்பி, நிரப்பிய அளவைக் குறித்து வருக. அளவு பெரிதாக ஏறாவிடின் உழவை முடித்துக்கொண்டு, அறுவடைக்குப் பின் திருத்துவிக்கலாம்.

வெண்புகை

குளிர்ந்த காலையிற் சில நிமிடம் தோன்றி மறையும் வெண்புகை குற்றமன்று. சூடேறிய பின்னும் நில்லாது, கண்ணை எரிக்கும் டீசல் மணத்துடன் வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகின்றது. அமுக்கம் குறைந்திருத்தல், டீசல் தூவும் நேரம் பிந்துதல், டீசலில் நீர் கலந்திருத்தல் ஆகியன இதற்குக் காரணங்களாம். உப்புக் காற்று வீசும் எமது தீவில் டீசற் தாங்கி துருப்பிடிப்பதும் இரவில் அதனுள் நீர் துளிர்ப்பதும் எளிது. ஆதலால் மாலையிலேயே தாங்கியை நிரப்புக. காலையில் தொடக்குமுன், வடிகட்டிக் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து, நீர் நீங்கித் தெளிந்த டீசல் வரும்வரை வடிக்க. 2022ஆம் ஆண்டு டீசல் அரிதானபோது மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியோரும் உண்டு. மண்ணெண்ணெய்க்கு வழுக்குந் தன்மை குறைவு. அது பம்பையும் நொசிலையும் தேய்க்கும்.

வெண்புகையுடன் றேடியேற்றரில் நீர் குறைந்து வந்தாலோ, மசகெண்ணெய் பால்போல வெளுத்தாலோ, ஹெட் கஸ்கட் பழுதுற்று நீர் உட்புகுகின்றது எனக் கொள்ளலாம். இதற்குத் தவணையில்லை. உழவை அப்பொழுதே நிறுத்திவிட வேண்டும். மேலும் ஓட்டினால் இயந்திரம் முற்றாகக் கெடும். உவர்க் கிணற்று நீரை றேடியேற்றரில் ஊற்றுதல் தவறு. அதன் உப்பு உள்ளே படிந்து சூட்டைப் பெருக்கும். சேமித்த மழைநீரையே ஊற்றுக.

உடல்நலம்

டீசற் புகை புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012ஆம் ஆண்டில் அறிவித்தது. ஓடும் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்குதலும் அடைத்த கொட்டிலில் ஓட்டுதலும் உயிர்க்கு ஆபத்தாகும். நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு அங்கே தேங்கி நிற்கும். புகை கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் இவ்வாபத்து உண்டு.

நினைவிற் கொள்ளவேண்டியவை

காற்று வடிகட்டி, டீசலில் நீர், எண்ணெய் அளவு, சுமை ஆகிய நான்கையும் பார்ப்பதற்குச் செலவு மிகச் சிறிது. இவற்றைப் பார்த்த பின்னரே நொசிலையும் பம்பையும் ஐயுறுக. இயந்திரத்தைப் பிரிப்பது இறுதி வழியாகும். விதைப்புக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே இச்சோதனையைச் செய்துகொள்வோர்க்குத் திருத்தவும் அவகாசம் கிடைக்கும், மழையும் வீணாகாது. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.