கடல் கடந்த பாட்டும் கதவடைத்த படமும்

1952ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, பாரத நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். வானலைக்கு எல்லைக் கோடு ஏது?

இன்றோ நிலைமை தலைகீழ். பசறைத் தோட்டத்துக் குடும்பமொன்று, கொழுந்து பறித்த கூலியிற் சிறுகச் சேர்த்து, இணையத் திரைக்குச் சந்தா கட்டுகின்றது. மாலையிற் பிள்ளைகள் ஆவலோடு தேடிய தமிழ்ப் படமோ, ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்று கதவடைக்கின்றது!

காரணம் யாது? படங்களின் உரிமை நாடு நாடாகப் பிரித்து விற்கப்படுகின்றது. நெட்பிளிக்ஸ் 2016இல் இலங்கைக்கு வந்தது. எனினும் இந்தியாவில் அது காட்டுவதெல்லாம் இங்கு கிட்டும் என்பதில்லை. நாம் இருக்கும் நாட்டை நமது இணைய முகவரியே காட்டிக் கொடுத்துவிடும்.

அம்முகவரியை மறைக்கும் வி.பி.என். என்னும் குறுக்கு வழியைச் சிலர் நாடுவர். அது பெரும்பாலும் சந்தா விதிகளுக்கு முரணானது. இலவசமாகக் கிடைப்பவற்றுட் சில, நமது அந்தரங்க விவரங்களையே விலைபேசி விடுவதும் உண்டு.

ஆகவே, முன்பே சந்தாதாரரான அயலாரிடம், வேண்டிய படங்கள் இங்கு உள்ளனவா என்று தேடிப் பார்க்கச் சொல்லுவோம். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டுமே பணம் கட்டுவோம். வியர்வை சிந்திய காசன்றோ!